வியாதிக்குப் பெயர் கேட்டு ஜெபித்தேன்

என்னோடு ஒரே பந்தியில் உட்காரும் சபையாருக்கு இதை எழுதுகிறேன். போன அசன விருந்தில் எல்லோரும் சபைச் சாப்பாட்டைச் சாப்பிட, நான் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தேன். சிலருக்கு வருத்தம். காரணத்தைச் சொல்ல அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் ராதாபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஆறு வருஷமாக எனக்கு வயிறு சரியில்லை. காலையில் வீட்டிலேயே மூன்று தடவை போய்விட்டுக் கிளம்பினாலும், வழியில் திரும்பவும் முறுக்கும். ஓடுகிற பஸ்ஸில் எங்கே போவது? எந்த இடத்தில் மறைவாகக் கருவேலம் புதர் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு காலை. நாங்குநேரி தாண்டியதும் தாங்க முடியவில்லை. விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது ஒரு பெரியவர் கத்தினார்.

“ஏலே, கோர்ட்டுக்கு நேரமாவுது. உன் வயித்துக்காகவா நாங்க டிக்கெட் எடுத்தோம்?”

பஸ்ஸே சிரித்தது. மீதித் தூரம் முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் டிக்கெட் கிழித்தேன்.

அதற்கப்புறம் வேலை நாட்களில் சாப்பிடுவதையே நிறுத்தினேன். பால் டீ மட்டும் குடித்து ஓட்டினேன். உடம்பு இளைத்தது. என் அப்பா குடல் புற்றுநோயில் போனவர். எனக்கும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கேமரா விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். “ஒண்ணும் இல்ல” என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றுமில்லையென்றால் நான் ஏன் இப்படிச் சாகிறேன்? அன்று மத்தியானம், பஸ் ஸ்டாண்டில் காலி வண்டியின் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதேன். சுகம் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோயிருந்தேன். அதனால் வேறு ஒன்று கேட்டேன். “ஆண்டவரே, இதைச் சுமக்கத்தான் வேண்டும் என்றால் சுமக்கிறேன். இது என்னவென்று மட்டும் சொல்லும்.”

டிரைவர் சுப்பையா அண்ணாச்சி ஏறி வந்து, என் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லன்னா சந்தோசப்படணும்லா வே? ஏன் அழுவுதீரு?”

முதல்முறையாக ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“என் மச்சினிக்கும் இதே கததான். பாளையங்கோட்டைல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டுதா. நாளைக்கே போவோம். நான் கூட வாரேன்.”

நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதரின் வாயிலிருந்து என் ஜெபத்துக்குப் பதில் வந்தது.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். “புற்றுநோய் இல்லை. குடலில் புண்ணும் இல்லை. குடல் வேலை செய்கிற விதத்தில்தான் கோளாறு. ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய் என்று சொல்வோம். உங்கள் கற்பனை இல்லை” என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்றும் சொன்னார். சாப்பிடுவதையும் வயிறு செய்வதையும் தினமும் எழுதச் சொன்னார். நான்கு வாரம் எழுதிய பிறகு பார்த்தால், என்னைப் பாடாய்ப் படுத்தியது நான் உயிர் பிழைக்கக் குடித்த பால் டீ. அப்புறம் புரோட்டா, வெங்காயம், பூண்டு. பாலை நிறுத்தினேன், தயிர் ஒத்துக்கொண்டது. காலையில் பட்டினி கிடக்காமல் இட்லி. நார்ச்சத்துக்காக இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து, முதலில் அரை ஸ்பூன், பிறகு பையப் பையக் கூட்டினேன். குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள் உள்ள மாத்திரை சில வாரம். தெரிந்தவர் ஒருவர் சர்வரோக நிவாரணி என்று தலையில் கட்டிய பவுடரை டாக்டரம்மா தூக்கி எறியச் சொல்லிவிட்டார்.

என் மனைவி எஸ்தர் விடியுமுன் எழுந்து, எனக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாக ஒன்று என்று இரண்டு குழம்பு வைக்கிறாள். ஒருநாள் கரண்டியைப் போட்டுவிட்டு, “எனக்கும் அலுப்பா இருக்குல்லா” என்று உட்கார்ந்துவிட்டாள். நியாயம்தான். அன்றைக்கு நான் கஞ்சி காய்ச்சினேன்.

முழுச் சுகம் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. கிறிஸ்துமஸுக்கு ஆசைப்பட்டு இரண்டு டம்ளர் பால் டீ குடித்து மூன்று நாள் படுத்தேன். சில வாரம் காரணமே இல்லாமல் முறுக்கும். ஆனால் இந்த நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தவில்லை. சாவு பயம் போய்விட்டது. மனுஷர் முகத்தைப் பார்த்து டிக்கெட் கொடுக்கிறேன். களைப்போடுதான் நன்றி சொல்கிறேன், ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார்.

எனக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. டாக்டரிடம் போங்கள். ஜெபிக்கும்போது, ‘உடம்பு சரியில்லை’ என்று பூசி மெழுகாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம் வயிற்றைப் பற்றிக் கேட்க ஆண்டவருக்கு அருவருப்பில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாதவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மூன்று மணி வரை எனக்கு வண்டி இல்லை.