அந்த இறக்கத்துக்கு அவர் சொன்ன மூன்று காரணங்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி கொஞ்சம் கூடுதல். இருபது வருடமாகப் புவியியல் ஆசிரியை. பரீட்சை வந்தால் மூன்று மணி நேரம் நின்றபடி குனிந்த தலைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. எந்தப் பிள்ளை அடிக்கடி முழங்கையைச் சொறிகிறது, எது தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிறது என்று கவனித்துக் கவனித்து, வீட்டுக்கு வந்த பிறகும் கண் சும்மா இருப்பதில்லை. கீரைக்காரம்மா ஒரு கட்டைச் சும்மா கொடுத்தால்கூட பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவேன்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயம் செய்த வீட்டுப் பிள்ளை. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. குரல் உயர்த்தாதவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம்.

பையன் கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போன வருடம் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் அவர் மலையில் ஓட்டுகிற கியர் சைக்கிள் ஒன்று வாங்கினார். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக். நாலு மாதம் கழித்து நானும் ஒன்று வாங்கினேன். உடம்புக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையான காரணம், விடியற்காலையில் இந்த மனிதர் தனியாக எங்கே போய் வருகிறார் என்று தெரிந்துகொள்வதுதான். அவர் கண்மாய்க் கரைக்குத்தான் போய் வந்துகொண்டிருந்தார்.

மலை சைக்கிள் வாங்கினோமே தவிர எங்கள் ஊரில் மலை ஏது? பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடு முதுகுதான் எங்களுக்கு உச்சி. அதை விட்டால் கண்மாய்க் கரை. ஆனால் தனுஷ்கோடி ரோட்டில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எதிரே அடிக்கும்போது மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சமதரையிலும் நாக்குத் தள்ளும் என்று. அப்படி மிதித்து மிதித்துத் தொடை இறுகிப்போனதில் ஏற்றம் எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. மலை என்றால் ஏறுவது என்று நினைத்துக்கொண்டோம். இறங்குவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இறங்கிப் பழக இங்கே இடமும் இல்லை. மலைப்பக்கம் போவதற்கு முன் இரண்டு வருடம் ஓட்டியும் எங்கள் சைக்கிள்களில் பிரேக் கட்டை புதுசாகவே இருந்தது.

மலைப்பாதையைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான வரைபடச் செயலியைப் போனில் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒன்பதாம் வகுப்புக்கு நான் நடத்துகிற சம உயரக் கோடுகள்தான். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மட்டம். மலையையே பார்க்காத எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து, "டீச்சர், இது யாரோட கைரேகை?" என்று கேட்பார்கள். முன்னால் போய் வந்தவர்கள் அந்தச் செயலியில் எழுதி வைத்திருப்பதை நான் எளிதில் நம்ப மாட்டேன். 'சுலபமான பாதை' என்று எழுதியவனின் வயதைப் பார்ப்பேன். படம் போட்டிருந்தால் டயரைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். டயரில் மண் ஒட்டியிருக்காவிட்டால் அவன் காரில் போய் இறங்கிப் படம் எடுத்தவன். ஒரு பாதையைத் தேர்வதற்குள் பத்துப் பேரைப் பொய்யர் ஆக்கிவிடுவேன்.

சிறுமலையும் இன்னும் இரண்டு மூன்று மலைகளும் அப்படித்தான் போய் வந்தோம். எல்லாம் தார் ரோடு. தார் ரோட்டில் இறங்கும்போது அவர் எப்போதும் எனக்குப் பின்னாலேயே, பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக வருவார். என்னைக் கவனித்துக்கொள்ளத்தான் பின்னால் வருகிறார் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு எரிச்சலும் இருந்தது.

தார் ரோடு சலித்துப்போய், கீழ்ப்பழனி மலையில் ஒரு பாதையைக் கண்டுபிடித்தேன். காபித் தோட்டங்களுக்கு நடுவே ஜீப் போகிற மண்பாதையில் ஏறி, உச்சியில் கொஞ்ச தூரம் போய், மறுபக்கம் பாறையும் உருண்டைக் கல்லுமாகக் கிடக்கிற பழைய தடத்தில் நாலு கிலோமீட்டர் இறங்க வேண்டும். அந்த இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பார்த்தவுடன் ஆசை வந்துவிட்டது. எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால், ஒரு சனிக்கிழமை அவர் மட்டும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே சொன்னார். "அந்த ரூட்டு வேணாம்ப்பா. யானை நடமாட்டம் இருக்குதாம்."

சரி, யானை என்றால் யானை. ஆனால் அன்று மத்தியானம் என் தம்பி போன் செய்தபோது, "என்னக்கா, தோட்டத்து கேட்டைப் பூட்டிட்டாங்களாமே, மச்சான் சொன்னாரு" என்றான். சாயங்காலம் கடையில் கண்ணாடி வெட்டுகிற பையன் என்னைப் பார்த்ததும், "அண்ணன் பாவம், மலைல டயர் பஞ்சராகித் திரும்பி வந்தாராமே" என்று வருத்தப்பட்டான்.

யானை, கேட், பஞ்சர். பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஆளுக்கொரு பொய் சொல்லியிருக்கிறார். காப்பி அடிக்கிற பிள்ளைகளும் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அன்று ராத்திரி வரை பொறுக்கவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய போனை எடுத்து, அதே செயலியில் சைக்கிள் போன தடத்தைப் பார்த்தேன். செய்யக்கூடாத காரியம்தான், ஆனாலும் செய்தேன். ஏற்றம் முழுவதும் ஒழுங்காக ஏறியிருக்கிறார், நான் நினைத்ததைவிட வேகமாக. உச்சியில், இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில், ஒன்றே முக்கால் மணி நேரம் அசையவே இல்லை. அதற்கப்புறம் தடம் வந்த வழியே திரும்பி, ஒரே சீரான வேகத்தில் கீழே போயிருக்கிறது. சைக்கிள் அப்படிப் போகாது, வண்டிதான் போகும். வெளியே போய் அவருடைய சைக்கிளைப் பார்த்தேன். கம்பியெல்லாம் பழுப்பாக வாழைக்கறை. துவைக்கப் போட்டிருந்த சட்டையிலும் அதே கறை.

வேறு பெண் சமாச்சாரமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு அவ்வளவு உயரம் ஏறித்தான் ஒருத்தியைப் பார்க்க வேண்டுமா என்று எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. உச்சியில் நின்று இறக்கத்தைப் பார்த்திருக்கிறார். இவளால் இது முடியாது என்று முடிவு கட்டியிருக்கிறார். அதை முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல் யானையைக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. நாற்பத்தாறு வயது, மாதவிடாய் நிற்கப்போகிற உடம்பு, முழங்கால் லேசாகப் பிடிக்கும், எல்லாம் உண்மை. அதையெல்லாம் தாண்டி நான் மிதிக்கிறேன் என்பதுதான் என்னிடம் மிச்சமிருந்த ஒரே பெருமை. அதை இந்த மனிதர் எனக்குத் தெரியாமல் எடைபோட்டுப் பார்த்து, தேறாது என்று ஒதுக்கிவிட்டார். அந்தப் பாதையை அவர் கண்முன்னால் இறங்கிக் காட்டினால் ஒழிய எனக்குத் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை அந்த மலைக்குப் போறோம்" என்றேன்.

"யானை..."

"யானையப் பாத்து எத்தனை நாளாச்சு. பாப்போம்."

"கேட்டு வேற பூட்டி..."

"பூட்டியிருந்தா திரும்பி வாரோம். பஞ்சர் ஒட்டவும் சாமான் எடுத்து வச்சுட்டேன்."

பஞ்சர் என்றதும் அவர் முகம் மாறியது. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல நான் கொடுத்த இடம் அது என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அது இடம் கொடுத்த குரல் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சனிக்கிழமையே அடிவாரத்து ஊரில் போய்த் தங்கிவிட்டு, ஞாயிறு காலையில் ஏற ஆரம்பித்தோம். அவர் முன்னால் போனார். நான் மூச்சு வாங்க வாங்கப் பின்னால் போனேன். வழியெல்லாம் குத்திக்கொண்டே இருந்தேன். தோட்டத்து கேட் அகலத் திறந்து கிடந்தது. "ஏங்க, பூட்டு எங்க?" என்றேன். "தொறந்துட்டாங்க போல" என்றார். மாட்டுச் சாணம் கிடந்த இடத்தில், "யானை இம்புட்டுக்கூண்டுதான் போடுமோ?" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் மிதித்தார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

உச்சிக்கு வந்தோம். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தேன்.

வரைபடத்தில் நான் பார்த்த கோடும் இதுவும் ஒன்றே இல்லை. பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. வண்டியிலிருந்து கொட்டிவிட்டது மாதிரி கற்கள். அதற்குக் கீழே ஒரு வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. திரும்பிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

"நீ இங்கனயே இரு, மொதல்ல நான் போய்ப் பாக்குறேன்" என்றார்.

இதற்குத்தான் காத்திருந்தேன். "ஏன், என்னால முடியாதா? அதைத்தான சொல்ல வாரீங்க? போன தடவையே முடிவு பண்ணிட்டீங்கல்ல?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு, "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை நகர்த்தினார்.

தனுஷ்கோடி ரோட்டில் உட்கார்ந்து போகிற மாதிரியே சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து இறங்கினார். பின்னால் சாய வேண்டும், உடம்பைத் தாழ்த்த வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் சொன்னதில்லை. இருபது அடிகூடப் போயிருக்க மாட்டார். முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. பயத்தில் அவர் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். பின் சக்கரம் தூக்கியது. ஹேண்டில்பாருக்கு மேலாக அவர் போய் விழுந்ததை நான் முழுசாகப் பார்த்தேன்.

கல்லில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுக்கியபடி அவரிடம் போய்ச் சேர்ந்தேன். நினைவு இருந்தது. இடது தோளுக்குப் பக்கத்தில் எலும்பு தோலுக்கடியில் மேடாகத் துருத்திக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. அவரை மெல்ல மெல்ல மேலே கூட்டி வந்து உட்கார வைத்தேன். காபித் தோட்டத்துப் பாதையில் வாழைத்தார் ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. கையை ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், "அட, நீங்களா சார்!" என்றார். வாழைத்தார்களைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டே என்னிடம் சொன்னார். "போன தடவ இதே எடத்துலதாம்மா உக்காந்திருந்தாரு. தண்ணி குடுத்தேன். எறங்கப் பயமா இருக்குண்ணே, வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரணும்னு பாக்க வந்தேன், எனக்கே காலு வரலன்னு சொன்னாரு. சைக்கிளத் தூக்கிப் போட்டுக் கீழ கொண்டுபோய் விட்டேன். மறுபடி ஏன் சார் வந்தீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். முன்பின் தெரியாத ஒரு ஜீப்காரரிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த மனிதருக்கு, இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த என்னிடம் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

ஜீப்பின் பின்னால், வாழைத்தார்களுக்கு நடுவே, அவர் என் மேல் சாய்ந்திருந்தார். குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். கொஞ்ச தூரம் போன பிறகு நான்தான் கேட்டேன்.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நம்பியிருப்பேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடிபட்டுக் கிடக்கிற மனிதருக்கு ஆறுதலாகவாவது இருக்கும். ஆனால் அன்றைக்குப் போதுமான பொய் ஆகிவிட்டிருந்தது.

"இல்லங்க" என்றேன். "என்னை வீட்ல உக்கார வைக்கத்தான் பயந்தவரு மாதிரி நடிக்கிறீங்கன்னு நினைச்சிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். "அதான் யானைன்னு சொன்னேன்" என்றார்.