குளவிக்கு எதிர் அலமாரி

பழ ஈ வளர்க்கிற ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு முட்டை எண்ணுகிற வேலை. பதினோரு வருஷமாகிறது, இன்னும் தற்காலிகம்தான். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் முட்டைக்கா. திராட்சைச் சாறு கலந்த கருந்தட்டைச் சாயங்காலம் ஈக்கூண்டுக்குள் வைத்துவிட்டுப் போவாள். காலையில் எடுத்து உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து எண்ணுவாள். முட்டை ரவையில் பாதிகூட இராது. வெள்ளையாக, தலையில் இரண்டு இழையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டுக்கு முந்நூற்றுக்குக் குறையாது.

அந்தத் திங்கட்கிழமை எந்தத் தட்டிலும் அறுபதைத் தாண்டவில்லை. செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம்.

ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா, ஈக்குக் காய்ச்சுகிற கூழில்தான் கோளாறு என்றார். ஈஸ்ட் பழசா, அமிலம் கூடிப்போச்சா என்று குடைந்தார். முட்டைக்கா இரண்டு அண்டா கூழைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சினாள். அடுப்படியில் போனும் கையுமாக நின்றால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு குத்தலும் வாங்கினாள். அதில் பாதி உண்மை. அவள் புருஷன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். வருஷத்தில் நாற்பது நாள்தான் கரைவாசம். இந்த வருஷத்து நாற்பது நாளுக்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. இரண்டு பேருக்கும் உடம்பில் குறையில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். குறை வீட்டில் இருந்தது. புருஷனின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீடு. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கமிருந்து ஓரகத்தி, "தண்ணி வேணுமா?" என்பாள். கெட்டவள் இல்லை, தங்கமானவள். அதுதான் தொல்லை, சண்டை போடக்கூட வழியில்லை. மாதம் தவறாமல் ஏதும் விசேஷம் உண்டா என்று பிரியமாகவே விசாரிப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் இதுவரை பேசியதெல்லாம் கிசுகிசுதான். போன தடவை அவன் சுவரைப் பார்த்துப் படுத்தே லீவைக் கழித்துவிட்டுக் கப்பலேறினான்.

புதன்கிழமை கடைசிக் கூண்டுத் தட்டில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதே கூழ், அதே ஈ. முட்டைக்கா குனிந்து, கூண்டு உயரத்துக்குக் கண்ணை வைத்து, ஈ எதைப் பார்க்குமோ அதைப் பார்த்தாள். கடைசிக் கூண்டுக்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டி மறைத்திருந்தது. மற்றக் கூண்டுகளுக்கு நேர் எதிரே இன்னொரு அலமாரியில் குளவிக் குழாய்கள்.

ஆராய்ச்சிக்குக் குளவி வளர்க்கிற அறையில் ஏசி கெட்டுப்போனதால் போன வாரம் அவளேதான் அவற்றை இங்கே தூக்கிவந்து அடுக்கினாள். இது கூரையில் கூடு கட்டுகிற குளவி இல்லை, ஈயைவிடப் பொடிசு. ஈயின் முட்டை பொரிந்து புழு வந்ததும், தேடிக் கொட்டி அந்தப் புழுவுக்குள் தன் முட்டையை வைத்துவிடும். கடைசியில் கூட்டை உடைத்துக்கொண்டு வருவது ஈயாக இராது, குளவியாக இருக்கும். குழாய்களெல்லாம் பஞ்சால் அடைத்தவை, ஒரு குளவியும் வெளியே வர முடியாது. ஈக்கு அதெல்லாம் தெரியுமா?

அவள் குழாய்களை வேறு அறைக்கு மாற்றினாள். அப்புறமும் ஈக்கள் உடனே நம்பிவிடவில்லை. பழைய கணக்குக்கு வர நாலு நாள் ஆயிற்று.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "குளவியக் கண்ணால பாத்தாலே போதும்க்கா. வயித்துல முட்ட இருக்கும், போடாது. இதப் படிச்சுப் பட்டம் வாங்கினவ நான். கண்டுபுடிச்சது நீங்க."

ஈ வேறு, மனுஷி வேறு. ஓரகத்தி ஒன்றும் குளவியும் இல்லை. அப்படியெல்லாம் அவள் முடிச்சுப் போடவில்லை. கோளாறு அலமாரியில் இருக்க, திட்டு வாங்கியது கூழ். அது மட்டும் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் புருஷன் கூப்பிட்டான்.

"இந்தத் தடவ அந்த வீடு வேண்டாங்க," என்றாள். "பஸ் டிப்போ பின்னால மாடியில ஒரு ரூம் பாத்திருக்கேன்."

அண்ணன் என்ன நினைப்பார் என்றான். வளர்த்து ஆளாக்கினவர் என்றான். அண்ணி மனசு நோகுமே என்றான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவங்களுக்குக் குடுக்கற மரியாதையக் குடுங்க. எனக்கு உங்க நாப்பது நாள் வேணும்."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"சரி," என்றான் அவன். "அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ வாயக் குடுத்து மாட்டிக்காத."

சொன்னான். அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஓரகத்தி மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு பாயும் இரண்டு தலையணையும் எடுத்துக் கொடுத்தாள்.

சாவி கைக்கு வந்தது, கப்பல்தான் வரவில்லை. துறைமுகத்தில் நெரிசல், இன்னும் ஒன்பது நாளாகும் என்று தகவல். தினம் வேலை முடிந்ததும் அவள் அந்த அறைக்குப் போனாள். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள். முதல் நாள் வாய்விட்டுப் பேசிப் பார்த்தாள். கிசுகிசுதான் வந்தது.

இரண்டாம் நாள் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்றாள். "இங்க வாங்க," என்றாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "இங்க வாங்களேன்," என்றாள்.