அம்மை வீட்டு நாய்க்குட்டி

நாய்க்குட்டியைக் கொண்டுவந்தது என் கணவர். பெங்களூரில் அவருடைய நண்பர் வீட்டுப் பூடில், வேறொரு சடைநாயோடு சேர்ந்து குட்டி போட்டிருந்தது. இப்போது அந்தக் கலப்புக்கெல்லாம் டூடுல் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கு அது வெறும் சுருட்டைமுடி நாய். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "ஆட்டுக்குட்டியா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

எனக்கு இஷ்டமே இல்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ஒன்றா என்று முதல் நாளே சண்டை போட்டேன். ஏழு வயது மகள், "நானே பாத்துக்கிறேம்மா" என்று சத்தியம் செய்தாள். அவள் பார்த்துக்கொண்ட லட்சணம் மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது, இட்லியைப் பிசைந்து ஊட்டுவது, பங்குனி வெயிலுக்கு ஈரச் சாக்கு விரிப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. அந்த முடி இருக்கிறதே, எது பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். பேன் சீப்பால் வாருவேன். பின்பக்கம் முடியில் பீ ஒட்டினால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து திட்டிக்கொண்டே வெட்டுவேன். நான் அடுப்படியில் நின்றால் என் இடது பாதத்தின் மேல் வந்து படுத்துத் தூங்கிவிடும். அந்தக் காலை அசைக்காமல் சமைக்கப் பழகிக்கொண்டேன். பிடிக்காது என்று சொன்னவள்தான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் முதல் ஊசிக்கான தேதியை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு மகளுக்கு அம்மை போட்டது.

நான் அறிவியல் டீச்சர். சின்னம்மை வைரஸால் வருகிறது என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள். மகளின் நெற்றியில் முதல் முத்தைப் பார்த்ததும் நான் செய்த முதல் வேலை, வாசலில் வேப்பிலை செருகியது. தாளிப்பதை நிறுத்தினேன். வீட்டில் யாரும் தலை வாரக்கூடாது என்றேன். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரை டாக்டர், மருந்து, ஊசி என்று யாரும் வாய் திறக்கக்கூடாது என்றேன். எனக்கு மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. இதையெல்லாம் என்னைச் செய்யச் சொல்ல அந்த வீட்டில் யாருமே இல்லை.

ஊசித் தேதியன்று கணவர் குட்டியைத் தூக்கி ஒரு கட்டைப்பைக்குள் வைத்தார். "பிள்ளைக்கு ஊசி போட வேணாம். சரி. இதுக்குப் போட்டுட்டு வாரேன்."

"அம்மை இருக்கிற வீட்டுல இருந்து ஊசி போடப் போகக்கூடாதுங்க. ஆத்தா இறங்கட்டும்."

"டீச்சரம்மா, இது நாய்."

"எதுவா இருந்தா என்ன? பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அவர் பையைக் கீழே வைத்தார். சொன்னதை நானே நம்பினேனா என்றால், இல்லை. நம்பாமல் இருக்கத் தைரியமும் இல்லை.

ஐந்தாறு நாள் கழித்துக் குட்டி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மத்தியானம் வாந்தி. மறுநாள் ரத்தமாகப் போனது. உப்பும் சர்க்கரையும் கரைத்து ஸ்பூனால் புகட்டினேன், மோர் கொடுத்தேன். எதுவும் தங்கவில்லை. கணவர் வேலை இடத்திலிருந்து டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறார். உடனே கொண்டுவரச் சொன்னாராம், டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமாம். "நாளைக்கு மூணாந் தண்ணி. ஊத்துன கையோட போங்க" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அண்டாவில் தண்ணீரை வெயிலில் வைத்தேன். அது சூடேறும் வரை குட்டி என் மடியில் கிடந்தது. சுருட்டை முடியெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிப்போய், அது இம்புட்டுச் சின்னதா என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மகள் தலையில் கடைசிச் சொம்பை ஊற்றியதும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஓடினார். முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார். பை மடித்துக் கையில் இருந்தது. "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் நின்றே விசாரித்தார். "விடுங்க டீச்சர். பிள்ளைக்கு வந்ததை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு." ஆறுதலுக்காக எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அது எனக்கு அன்றைக்கு எம்புட்டு வசதியாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

ஈரத் தலையோடு மகள் வந்து குட்டி எங்கே என்று கேட்டாள். அவள் முகத்தில் முத்துகள் காய்ந்து கருத்திருந்தன. நான் அந்த வார்த்தையை அப்படியே எடுத்து அவளிடம் நீட்டினேன். "உனக்கு வந்ததை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சும்மா."

அவள் அழவில்லை. தன் கையிலிருந்த வடுக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப என்னாலதான்" என்றாள். அவளுக்குத் துவட்ட வேறு துண்டு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இப்போது அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். கூடத் தங்கியிருக்கும் தோழி நாய்க்குட்டி ஒன்று வாங்கப்போகிறாளாம், இவள் முடியவே முடியாது என்று மறுத்திருக்கிறாள். சென்ற மாதம் போனில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. "என்னால ஒண்ணு செத்தது போதும்மா" என்றாள், சாதாரணமாக.

இல்லடி, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.