மிச்ச மருந்து

பட்டாசுக் கம்பெனிக்குள் நுழையும் முன் கொலுசு, ஊக்கு, கொண்டை ஊசி என்று உலோகத்தில் எதுவாக இருந்தாலும் வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும். செல்லக்கனி கழுத்திலிருந்த சின்னச் சிலுவைச் சங்கிலியையும் கழற்றுவாள். நான் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வருசம் தவறாமல் நடந்து போகிறவள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏட்டி கனி, ஒங்க ஆண்டவரு வாசலோட நின்னுட்டாரே!"

"உள்ள வர அவருக்குச் சங்கிலி வேணுமாக்கும்? வேலையப் பாருங்கக்கா."

ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் அந்தக் கம்பெனி. பன்னிரண்டு வருசமாக நானும் அவளும் ஒரே அறையில் பட்டாசுக் குழாய்க்கு வெடிமருந்து அடைத்தோம். மருந்து கலக்கித் தருவது அவள் புருசன் தவமணி. அளந்து பேசும் மனுசன். அன்றைக்குக் கலக்கிய மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிஞ்சினால் அழிக்கக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஈரக்காற்று பட்ட மருந்து உள்ளுக்குள்ளேயே சூடாகும்.

போன வருசம் தீபாவளி சீசன். மேகம் கருத்திருந்த ஒரு சாயங்காலம் என் தட்டில் கொஞ்சம் மருந்து மிஞ்சியது. காலையில் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று மூலையில் வைத்துத் தாளால் மூடினேன். "எல்லாம் குடுத்திட்டீகளா?" என்று தவமணி கேட்டார். "ம்" என்றேன். என் வாயில் மண் விழ.

மறுநாள் எங்கள் வேன் தாமதமாகப் போனது. தவமணியும் கனியும் பைக்கில் முன்னாலேயே போய்விட்டார்கள். அவர் வழக்கம்போல முதல் ஆளாக எங்கள் அறையைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். வெடித்துவிட்டது. கனி ஓடிப்போய் எரிகிறவரை வெறுங்கையால் இழுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். அவளுடைய இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின.

விசாரணைக்கு வந்த ஆபீசர், மருந்து கலக்கியவர்தான் மிச்சம் வைத்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார். ஊரும் அதையே பேசியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கூடமாட இருந்தது நான்தான். சோறு ஊட்டுவேன், தலை சீவிவிடுவேன். வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து, அவள் சொல்லும்போது பக்கம் திருப்புவேன். கட்டுப் பிரிக்கும்போது அலறுகிறவள், அந்தப் புத்தகத்துக்கு முன்னால் மட்டும் மெல்ல அடங்குவாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாகவே இருந்தது. கோபமும் வந்தது.

"புருசனக் காப்பாத்தாத சாமிகிட்ட என்னத்தப் பேசுத?"

"வேற யார்கிட்டக்கா போய் அழ? அவரு கையிலயும் ஆணி அடிச்சாகல்ல. எங் கை எரிச்சல் அவருக்குத் தெரியும்."

என்ன நம்பிக்கை இது, ஆத்தா! கும்பிட்டால் கேட்டது கிடைக்கும் என்றுதான் நான் கும்பிட்டிருக்கிறேன். இவள் ஒன்றும் கிடைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பார்க்க வந்த சொந்தக்காரி, "எல்லாம் ஒன் வீட்டுக்காரன் அசட்டைதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றுதான் கனி உடைந்தாள்.

"அவுக மிச்சம் வைக்கிற ஆளில்லக்கா. ஆண்டவரே, அத மட்டும் ஒருநாளு வெளிச்சத்துக்குக் கொண்டாரும். வேற ஒண்ணும் கேக்கல."

அந்த ஜெபம் முடியும்போது புத்தகம் என் கையில் இருந்தது. அதை மூடிக் கட்டிலில் வைத்தேன். தட்டு, தாள், நான் சொன்ன "ம்" எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் நான் ஊட்டிய சோற்றை வாங்கவில்லை, நர்சுதான் ஊட்டினாள். நான் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் குரல் வந்தது.

"முருகம்மாக்கா, புத்தகத்தப் பிடிங்க."

பிடித்தேன். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. நானும் வாரேன்."

கடைசிக் கட்டுப் பிரித்த வாரமே போனோம். நான் சொல்லச் சொல்ல ஆபீசர் எழுதினார், தவமணி பேரை அடித்தார். என்மேல் கேஸ் நடக்கிறது. நடக்கட்டும், அது என் பங்கு. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"என்ன எப்படி மன்னிச்ச, கனி?"

அவள் சரியாக மடங்காத விரல்களால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரேயடியா எங்க மன்னிச்சேன்? காலையில முழிச்சா ஒங்க மேல ஆத்திரந்தான் வருது. தெனமும் ஆண்டவருகிட்டக் கேக்குதேன். அன்னன்னைக்கு வேண்டியது தாராரு. சாயங்காலத்துக்குள்ள அது தீந்துபோவுது. மறுநா காலையில திரும்பக் கேக்குதேன்."