பேரணியில் நின்ற சோழர் நெல்வண்டி

"தை மாதம், வெள்ளி. பேரணியில் கிராசிங். சோழருக்கு நெல் வரவில்லை. ஒரு யானை பின்வாங்கியது."

போன வாரம் அலமாரியைத் துடைத்தபோது பொம்மை யானையின் அடிப்பலகை கையோடு வந்துவிட்டது. பலகையின் அடியில் என் கையெழுத்தில் இந்த வரிகள். எதற்கும் கிழமை குறித்துவைக்கிற வியாதி எனக்கு உண்டு. ஆண்டை எழுத மட்டும் மறந்திருக்கிறேன். இப்படியொரு வரலாற்று ஆசிரியனை எந்த அரசன் வேலைக்கு வைத்துக்கொள்வான்?

யானை கட்டைவிரல் உயரம். வீரர்கள் அதில் பாதி. ஒழுகும் குழாயை அடைக்கிற பசையை உருட்டி, குண்டூசியை வேலாக்கி, எனாமல் பூசி நானே செய்தவை. அப்போது திண்டிவனத்தில் வாடகை வீடு, விழுப்புரத்தில் வேலை, சமையல் ஓர் ஆளுக்கு. எதிரே உட்கார யாரும் இல்லாததால் இரண்டு படைக்கும் நானே தளபதி.

வீடு ஊரின் கிடங்கல் பகுதியில் இருந்தது. பழங்காலத்தில் கிடங்கில் என்ற பெயரோடு ஓய்மாநாட்டுத் தலைநகராக இருந்த இடம். அதைச் சோழர் முற்றுகையிட்டதாக நான் படித்த எதிலும் இல்லை. என் சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள்.

தனியாக ஆடுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. கோட்டைக்குள் இருப்பவர்கள்மேல் எனக்குப் பாசம். தாயக்கட்டை சோழருக்குச் சாதகமாக விழுந்தால், சரியாக உருளவில்லை என்று மறுபடி போடுவேன். அதனால் பாதித் தீர்ப்பை ரயிலிடம் கொடுத்துவிட்டேன். சோழருக்கான நெல் பெண்ணையாற்றுப் பக்கமிருந்து வரவேண்டும். அந்த வழி ஏறக்குறைய நம் ரயில் பாதைதான். அப்போது ஒற்றைத் தடம். நான் வீடு திரும்பும் மாலை பாசஞ்சர், எக்ஸ்பிரசுக்கு வழிவிட, கிராசிங் என்று பேரணி மாதிரி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நின்றால் நெல்வண்டியும் நின்றுவிடும். நிற்காமல் வந்தால் சோழருக்குச் சாப்பாடு உண்டு.

எனாமல் வாசனை அடித்தால் எனக்கு அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைதான் நினைவுக்கு வரும். நகக்கண்ணில் பெயின்ட்டோடு ரயிலில் அதை உரித்துத் தின்பேன். பக்கத்தில் சூட்கேஸ்மேல் துண்டு விரித்துச் சீட்டாட்டம் நடக்கும். அந்தப் பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது, இறங்குகிற ஊர்தான் பெயர். நான் திண்டிவனம். எதிரில் உட்காருபவர் மயிலம். நரைத்த மீசை, மடியை விட்டு இறங்காத டிபன் பை.

பேரணியில் வண்டி நின்ற ஒரு மாலை அவர் கேட்டார்.

"எல்லாரும் பேஜாராயி ஒக்காந்துக்கினு கீறோம். நீங்க மட்டும் என்னாத்துக்கு சார் சிரிக்கிறீங்க?"

சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் பொம்மை வைத்து ஆடுகிறான் என்று தெரு பேசுமே! அவர் சிரிக்கவில்லை. மல்லாட்டை மெல்லுவதைத்தான் நிறுத்தினார்.

"சோழனுக்கு யாரு பேசறது?"

"யாரும் இல்லீங்க. நான்தான்."

"இன்னையிலேர்ந்து நான் பேசறேன். எங்க ஆளுங்க பட்டினி கெடக்கிறாங்க, நீங்க பல்லக் காட்டிக்கினு கீறீங்க!"

அதன்பின் வண்டி நின்றால் நான் சிரிப்பேன், அவர் சிக்னலைத் திட்டுவார். நிற்காமல் ஓடிய நாளில் மயிலத்தில் இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து சொல்வார்: "சோறு வந்துட்ச்சி சார். மரியாதையா கோட்டக் கதவத் தொறந்துடுங்க!" வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பதுபோல இருக்கும்.

கோட்டைச் சுவர் இடியும் கட்டம் வந்தது.

"ஞாயித்துக்கிழம நானே வர்றேன். எங்க பக்கத்துக்கு தாயம் நான்தான் போடணும். ரெண்டு பக்கமும் நீங்களே போட்டா அது என்னா சண்ட?"

"வாங்க சார். கிடங்கல் வந்து யாரக் கேட்டாலும் வீட்டக் காட்டுவாங்க."

மயிலம் வந்துவிட, இறங்கிப் போனார்.

புதிதாக ஒரு நாற்காலி வாங்கி எதிரே போட்டேன். சோழர் யானைகளுக்கு மறுபூச்சுக்கூடக் கொடுத்தேன். ஞாயிறன்று இரண்டு பேருக்குச் சோறு வடிக்க அளவு தெரியாமல் குழைந்துபோனது. பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை. என் பெயர் அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பெயரும் எனக்குத் தெரியாது.

மறுநாள் ரயிலில் அவர் இல்லை. அதற்கப்புறமும் இல்லை. சீட்டாட்டக்காரர்களைக் கேட்டேன்.

"மயிலமா? டிரான்ஸ்பர்னு சொல்லிக்கினாங்க."

"இல்லப்பா, ரிட்டயர்டு ஆயிட்டாரு."

"யோவ், அவரு எந்த ஆபீசுன்னே தெரியாது, நீ ரிட்டயர்டு பண்ணிட்ட! சீட்ட எறக்கு, ஜல்தி."

கடைசிச் சண்டையை நான் ஆடவில்லை. சோழருக்காகத் தாயக்கட்டையைக் கையில் எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

பிறகு இரட்டைப் பாதை வந்தது. பேரணியில் வழிவிட்டு நிற்கவேண்டிய அவசியம் போயிற்று. சூட்கேசும் துண்டும் போயின. இப்போது ஆளுக்கொரு செல்பேசி. விழுப்புரத்தில் ஏறித் தலை குனிந்தால் இறங்கும்போதுதான் நிமிர்கிறோம். ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை.

ஒன்றைப் பதிந்துவைக்க வேண்டும். அந்த வீட்டைக் காலிசெய்த நாளில் படையைத் தட்டில் அடுக்கி வெளியே எடுத்துவந்தேன். தெருமுனையில் துணி தேய்க்கிற அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதுங்கள பாத்தாதான் ஞாபகம் வருது சார். ஒருவாட்டி ஒருத்தரு வந்து, பொம்ம வெச்சி சண்ட போடுவாரே, அந்த சாரு வூடு எதுன்னு கேட்டாரு. அப்பிடி யாரும் இங்க இல்லீங்களேன்னு அனுப்பிட்டேன். உங்களத்தானா?"

"எப்பக்கா?"

"ஞாயித்துக்கிழமதான். எந்த ஞாயிறுன்னு தெரியலியே."

மீசை இருந்ததா என்று கேட்டேன். அக்காவுக்கு நினைவில்லை. வந்தவர் மயிலம்தானா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.