வெயில் தாழட்டும்

எங்கள் அப்பாவுக்கு ராகு காலம் மனப்பாடம். எந்தக் கிழமைக்கு எப்போது என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்லுவார். பகுத்தறிவு மேடைகளில் பேசுகிறவருக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். அவர் நடத்திவைத்த திருமணங்கள் எல்லாம் ராகு காலத்தில்தான் நடக்கும். ஐயர் கிடையாது, ஓமப்புகை கிடையாது. மாலை மாற்றிக்கொண்டு அப்பாவின் பேச்சைக் கேட்டு முடித்தால் கல்யாணம் ஆயிற்று. அதற்காகவே வேளையைத் தெரிந்து வைத்திருந்தார்.

திண்டிவனத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. வெளியூருக்குக் கிளம்புகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று, "ஐயா, இன்னைக்கு ராவுகாலம் எப்போங்க?" என்று கேட்பார்கள். அப்பா நேரத்தைச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் நம்பிக்கொண்டு திரிவதற்காக நன்றாகத் திட்டியும் அனுப்புவார். அவர்கள் திட்டைத் தட்டிவிட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

பகலில் அவருக்கு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எண்ணும் வேலை. பொழுது சாய்ந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேடை தேடிப் போய்விடுவார். அம்மா எதிர்த்துருவம். பூனை குறுக்கே போனால் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தினசரிக் காலண்டரை மறைத்து மாட்டியிருந்தாள். அப்பாவுக்கு அது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். அவர் தெரியாத மாதிரி இருப்பது அம்மாவுக்கும் தெரியும். எங்கள் வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலேயே வலி கண்டுவிட்டது. மத்தியானம்வரை பார்த்துவிட்டு, பக்கத்துத் தெரு நர்சம்மாவைக் கூட்டிவந்தோம். அவர் அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. அம்மாவைக் கூடத்துக்கு அழைத்து, "கொழந்த குறுக்கால கெடக்குதும்மா. ஆபரேஷன் பண்ணணும். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜல்தியா இட்டுக்கினு போயிடுங்க" என்றார்.

நான் ஓடிப்போய் ஸ்டாண்டில் இருந்த அம்பாசிடரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கார் வாசலில் வந்து நின்றபோது மூன்று மணி. அம்மா பழைய புடவைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலுக்குப் போனார், வானத்தைப் பார்த்தார், உள்ளே வந்தார்.

"வெயிலு மண்டயப் பொளக்குது. இதுல புள்ளத்தாச்சிய இட்டுக்கினு போனா மயக்கம் போட்டுடும். கொஞ்சம் தாழட்டும்" என்றார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பூனைக்கும் பல்லிக்கும் நடுங்கிச் செத்தவள் அன்றைக்குச் சொன்னாள்: "ராவுகாலமாவது மண்ணாவது. மொதல்ல கெளம்புங்க."

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ராவுகாலத்தப் பத்தி யாருடி பேசினது? நான் வெயிலச் சொல்றேன்."

அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? ராகு காலம் என்று சொன்னால் அந்த மனிதரிடம் சண்டை போடலாம். வெயிலோடு எப்படிச் சண்டை போடுவது? வெயில் நிஜமாகவே அடித்துக்கொண்டுதானே இருந்தது. நடுவில் அப்பா டிரைவரைக் கூப்பிட்டுப் பின் டயர் வழுக்கையாக இருக்கிறது என்றார். டிரைவர் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டிருந்தபோது, காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றார். காபியைப் போட்டு வைத்தால் குடிக்கவில்லை. அறைக்குள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கூடத்துக்குக் கேட்டது. அப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கூடத்திலேயே நடந்தார். நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நாலரை ஆனதும், "வெயிலு தாழ்ந்துடுச்சு, கெளம்பலாம்" என்றார். சித்திரை மாதத்தில் நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்து நான் பார்த்ததில்லை. வழியில் ரயில்வே கேட்டும் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய் முடிகிறவரை அக்காவின் தலை என் மடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அக்கா பிழைத்துக்கொண்டாள். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் கணவர்தான் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் அக்கா கட்டிலில் படுத்தபடியே அப்பாவிடம் கேட்டாள். குரலில் சண்டையே இல்லை.

"அன்னைக்கு நீங்க பயந்துட்டீங்களாப்பா?"

"பயமா? எனக்கின்னாம்மா பயம்? அந்த கேட்டுக்காரன்தான் கெடுத்துட்டான்."

அவர் வெளியே போனபிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயந்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்டி. நாலரைக்கு மேல போனாப் போதும்னு நானுந்தான் கடிகாரத்தப் பாத்துக்கினு படுத்துக் கெடந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பயம். அத அவரு ஒத்துக்கினா, நானும் அவரும் சேந்து அழுதுடுவோம்."

பாவி, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். வைகாசியில் கேட்டுக்காரர்மேல் இருந்த பழி ஆடியில் டிரைவர்மேல் போயிற்று. மாட்டு வண்டி மாதிரி ஓட்டினானாம். அடுத்த பொங்கலுக்குள் டிரைவரும் தப்பித்துவிட்டார். "உங்கம்மா பையக் கட்டி முடிக்கவே அம்மாம் நேரமாச்சு" என்று அப்பா பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தில் கள்ளமே இல்லை. பொய் சொல்கிறவனை மடக்கிப் பிடிக்கலாம். நம்பிவிட்டவனை என்ன செய்வது?

அந்தப் பொங்கல் கழிந்த கையோடு விழுப்புரத்தில், அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கூட்டம். அப்பாதான் சிறப்புப் பேச்சாளர். நானும் அம்மாவும் கூடவே போய் அக்கா வீட்டில் இறங்கிக்கொண்டோம். சாயங்காலம் நாங்கள் மூவரும் சமையலறையில் இருந்தோம். ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டது.

பெண்கல்வி, பெண் விடுதலை என்று பேசிக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஊருக்கு உபதேசம் செய்ய வரவில்லை தோழர்களே. என் வீட்டிலேயே இந்த மூடநம்பிக்கை ஒரு உயிரைக் குடித்தது. என் மகள் வலியில் துடிக்கிறாள், வாசலில் கார் நிற்கிறது, என் மனைவி ராகு காலம் என்று சொல்லி வாசற்படியை மறிக்கிறாள். நான் தோற்றேன். சிங்கம்போல ஒரு பேரனை மண்ணில் வைத்துவிட்டு வந்து உங்கள்முன் நிற்கிறேன்." அவர் குரல் உடைந்தது. அழுகிறார் என்று தெரிந்தது, நிஜமாகவே அழுதார்.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. நான் வாசலுக்கு எழுந்தேன், மேடைக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உட்காரு. அவரு அப்பிடித்தான் நடந்துச்சுன்னு நெனச்சுக்கினு கீறாரு. அத நெனைக்காம அவரால தூங்க முடியாது."

"அப்போ நீ?"

"நான் தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றாள் அம்மா.

அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

கூட்டம் முடிந்து அப்பா வந்தார். கழுத்தில் கைத்தறித் துண்டு, கண் சிவந்திருந்தது. கால் கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார். அக்காதான் பரிமாறினாள். சோறு வைத்துக் குழம்பு ஊற்றும்போது அவர் நிமிர்ந்து, "பேச்சு கேட்டுச்சாம்மா? கூட்டமே அழுதுடுச்சு" என்றார்.

"கேட்டுச்சுப்பா" என்றாள் அக்கா. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆனா அது பொண்ணுப்பா."

அப்பாவுக்குப் புரியவில்லை. "எது?"

"எனக்குப் பொறந்தது."