கோப்பில் இருந்த முகம்

என் 2011ஆம் ஆண்டு நாட்குறிப்பின் பின்னட்டைக்குள் ஒரு பாஸ்போர்ட் படம் இருக்கிறது. சுருண்ட முடி, தடித்த மீசை, நெற்றியில் அழிக்க மறந்த திருநீற்றின் மங்கல். பின்புறம் என் கையெழுத்து: ‘ஜூலை, மருந்துக்கடையில் எடுத்தது. நாலில் மிஞ்சிய ஒன்று.’ மற்ற மூன்றையும் ஒரு பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று சூதாடுகிறவரே எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது.

படத்தில் இருப்பவர் மெல்பர்ன் நகரின் கிளேட்டனில் நான் வேலை பார்த்த மருந்துக் கிடங்கின் சூப்பர்வைசர். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறதென்று பட்டியலைப் பார்க்காமலே சொல்வார். அப்படிப்பட்டவர் வேலை முடிந்ததும் குதிரைப் பந்தயத் திடலில் இருந்த கிளப்புக்குப் போய், பொத்தானை அழுத்தியபடி உட்கார்ந்திருப்பார். குதிரைகளை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பந்தயம் சில நாட்கள்தான் நடக்கும். போக்கி எனப்படும், காசு போட்டுப் பொத்தானை அழுத்தும் சூதாட்ட மெஷின்கள் தினமும் ஓடும். பந்தயத் தொழில் வாழ வேண்டுமென்றால் திடலில் மெஷின்கள் வேண்டும் என்று பேசுகிறவர்களை அந்த ஆண்டுகளில் நிறையக் கேட்டேன். குதிரை ஓடுவதற்கு அண்ணன் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒருவரும் விளக்கவில்லை.

இன்னொரு தடவை அங்கே போனால் மகளைக் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு, லிட்கமில் இருக்கும் தங்கையிடம் போய்விடுவேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அண்ணன் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். சாட்சிக்கு நான் போனேன். கிளப் மேலாளர் மிக மரியாதையாகப் பேசினார். படங்களை ஒரு கோப்பில் ஒட்டி வைப்போம், ஊழியர்கள் அதைப் புரட்டி முகங்களை மனப்பாடம் செய்துவிடுவார்கள், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்றார். அண்ணனுக்கு அது போதவில்லை. மூன்று மாதம் போகாமல் இருந்தால் முடி இறக்குவதாகக் கேரம் டவுன்ஸ் கோயிலில் முருகன் சந்நிதியில் வேண்டிக்கொண்டார்.

மூன்று மாதமும் போகவில்லை. காலக்கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மொட்டையடித்து, மீசையையும் எடுத்துவிட்டுக் கோயிலுக்கு வந்தார். தலையில் சந்தனம் பூசியிருந்தார். அவர் மகள் என்னிடம், “அங்கிள், அப்பா looks like an egg” என்றாள். அண்ணி வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். நேர்த்திக்கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் பத்திரத்தை எங்களில் ஒருவருமே நினைக்கவில்லை. நான் உட்பட.

இரண்டு நாள் கழித்து, குதிரைப் பந்தயத்துக்கென்றே மெல்பர்னில் அரசு விடுமுறை விடும் அந்தச் செவ்வாய்க்கிழமை, கிடங்கு மூடியிருந்தது. புதன்கிழமை காலை அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “தம்பி, நான் கிளப் வாசலடியில கொஞ்ச நேரம் நிண்டனான். ஆராவது மறிப்பாங்கள் எண்டுதான் நிண்டனான். அங்க வேலை செய்யிற ஒரு பெட்டை வந்து சிரிச்சு, கோப்பி வேணுமோ எண்டு கேட்டாள்.”

அவர் எவ்வளவு நேரம் விளையாடினார் என்று நான் கேட்கவில்லை. அண்ணியிடம் அவரே போய்ச் சொன்னார். பள்ளி ஆண்டு முடிந்த டிசம்பரில் அண்ணியும் மகளும் லிட்கம் போனார்கள்.

நான் கிளப்புக்குப் போனேன். மேலாளர் கோப்பைக் கொண்டுவந்து விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் முகங்கள். அண்ணனின் மூன்று படங்களில் ஒன்றும் இருந்தது. உங்கள் நண்பர் தோற்றத்தை மாற்றிக்கொண்டார், மாற்றினால் புதுப் படம் தரும் பொறுப்பு அவருடையது என்று பத்திரத்தின் ஒரு வரியைக் காட்டினார். சாமிக்கு முடி கொடுத்ததைச் சொன்னேன். வருத்தத்தோடு தலையசைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பந்தயக் குதிரையின் படம் மாட்டியிருந்தது. அதே திடலில் ஒரு குதிரை ஓட வேண்டுமென்றால் அதன் கழுத்துக்குள் இருக்கும் சிப்பைக் கருவியால் படித்து, தோளில் சுட்ட முத்திரையைச் சரிபார்த்து, இது அந்தக் குதிரைதான் என்று உறுதி செய்த பிறகே விடுகிறார்கள். குதிரை மாறினால் பந்தயம் கட்டியவருக்கு நஷ்டமாம். மனிதனுக்கு மட்டும் கட்டைவிரல் அகலத்தில் ஒரு படம். இதைத்தான் ஒழுங்குமுறை என்கிறார்கள். உடைவதற்கென்றே கட்டிய வேலி அது என்று அன்றைக்கு எழுதினேன். இன்றும் அந்த வாக்கியத்தை அடிக்க எனக்கு மனமில்லை.

விளையாடுகிறவர் தன் எல்லையை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும், அதைத் தாண்டினால் மெஷினே நின்றுவிட வேண்டும் என்று கட்டாயமாக்கும் திட்டம் ஒன்று அப்போது பேச்சில் இருந்தது. மெஷினுக்கு மொட்டையும் மீசையும் ஒன்றுதானே என்று அண்ணன் அதை நம்பிக் காத்திருந்தார். கிளப்புகள் சுவரெல்லாம் எதிர்ப்புத் தட்டி வைத்தன. 2012 ஜனவரியில் அரசு பின்வாங்கியது. நான் அரசுக்கு எழுதிய கடிதத்துக்கு, ‘கிடைத்தது’ என்று ஒரு வரிப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

2013இல் அண்ணன் லிட்கமுக்கே கிளம்பினார். ஒரு வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. அண்ணி வரச் சொல்லிவிட்டார். ஆனால் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் போட்ட பத்திரம் சிட்னியில் செல்லாது. அங்கே தெருவுக்குத் தெரு கிளப். மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே மருந்துக்கடைக்குப் போனோம். முடி வளர்ந்து பாதி நரைத்திருந்தது. கேமராவுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, “இனி முருகனுக்கு மொட்டை இல்லை தம்பி, காவடிதான்” என்றார். சிரித்தால் படம் செல்லாது என்று கடைக்காரப் பெண் கடிந்துகொண்டாள்.

பழைய படத்தைக் கிழித்துப்போடச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். நான் கிழிக்கவில்லை. அதன் பின்புறம் ஜூலைக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: ‘இந்த முகத்தை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை.’